பந்தயக் குதிரைக் குட்டிகளும் அவற்றைப் பழக்குவோரும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருஞ்சாலை இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை ஒட்டிச் செல்கின்றது. இச்சாலையில் தோல் கட்டுகளும் பாதரட்சைப் பெட்டிகளும் ஏற்றிய வண்டிகளைக் கண்டு பழகிய நம் குடியானவர்கள், சிற்சில சமயங்களில் உயர்ந்த பக்கங்களும் சிறு காற்றுவழிகளும் உடைய மூடுவண்டி ஒன்று புளியமர நிழலில் நிற்பதையும், அதனுள்ளிருந்து ஒரு குதிரை மூக்கை நீட்டி வாசனை பிடிப்பதையும் கண்டிருத்தல் கூடும். கிண்டிப் பந்தய லாயங்களுக்கும் பெங்களூர் லாயங்களுக்கும் இடையே குதிரைகள் கொண்டு செல்லப்பட்டு வந்த வழி இதுவேயாகும். பந்தயத்தில் பணம் வைப்பது இப்பத்திரிகைக்கு உரிய விஷயமன்று. ஆயினும் இரண்டு வயதுக் குட்டியொன்றை உண்பித்து, எலும்பு முற்றும்வரை காத்து, மனிதன் சொற்படி நடக்கப் பழக்குவது கால்நடை வளர்ப்பின் ஒரு பகுதியேயாம். அதற்கு வேண்டிய கொள்ளும், குதிரைமசாலும், அருகம்புல்லும், சேணத்துக்குரிய தோலும் நம் பக்கத்தில் விளைவனவும் செய்யப்படுவனவுமே. ஆகையால் இதனைச் சற்று விரிவாகவே கூறத் துணிந்தோம்.

நம் பக்கத்துக்குக் குதிரை புதிதன்று. ஆர்க்காடு கும்பினிக் காலத்தில் குதிரைப்படை தங்கிய இடம். 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுச்சி செய்தபோது, கர்னல் கில்லெஸ்பி என்பவர் ஆர்க்காட்டுக் குதிரை வீரர்களுடன் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தை அன்று காலையிலேயே கடந்து கோட்டை வாயிலை அடைந்தார். அதன்பின் நிகழ்ந்த துயரத்தைச் சரித்திர நூல்கள் கூறும். நாம் இங்குக் கருதவேண்டியது, அக்குதிரைகள் எதைத் தின்று அவ்வேகத்தைப் பெற்றன என்பதேயாகும். அக்காலத்துச் சென்னைக் குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குதிரைக்காரரும் ஒரு புல்லறுப்பவரும் இருந்தனர். புல்லறுப்பவர் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் அருகம்புல்லைச் சிறு கொத்தினால் வேரோடு செதுக்கி, மண் போக அலசி, கட்டாகக் கட்டிச் சுமந்து வருவர். தானியமோ நம் மானாவாரி நிலத்துக் கொள்ளு. ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரே ‘குதிரைப் பயறு’ என்று பொருள்படுவதாகும்.

தீனியறியாமல் குதிரை வாங்கிக் கெட்ட கதையும் நம் நாட்டில் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டரசர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்று எழுதி வைத்தார். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்கு இடுகின்றனர் என்பதும், லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் அறிந்தவர் இல்லை என்பதும் அவர் கூறும் காரணங்கள். விற்கும் வணிகர்கள் அத்தகைய கைத்தேர்ச்சியுடையோரை இந்நாட்டுக்கு வரவிடாமலும் பார்த்துக்கொண்டனராம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்!

பிற்காலத்தில் ஆட்சியாளர் இந்நாட்டிலேயே குதிரைகளை வளர்க்க முயன்றனர். நம் சாலையில் மேற்கே சென்றால் வரும் ஓசூரில் 1824-ஆம் ஆண்டு படைக்குரிய குதிரைப் பண்ணை ஒன்று ஏற்பட்டது. நூறாண்டுக்குப் பின் 1924-இல் அது கால்நடை இலாகாவின் வசம் வந்து மாட்டுப்பண்ணையாயிற்று. இன்று கால்நடைப் பண்ணையென்று நாம் அறிந்துள்ள இடம் அதுவே. மைசூர்ச் சீமையில் திப்பு சுல்தான் காலத்தில் தொடங்கிய குனிகல் பண்ணையோ படைக்குதிரையை விட்டுப் பின்னர்ப் பந்தயக் குதிரை உற்பத்திக்கு மாறியது.

பந்தயக் குதிரையை உலகமெங்கும் தரோபிரெட் என்பர். இங்கிலாந்துப் பெட்டைக் குதிரைகளோடு கீழ்நாட்டுப் பொலிகுதிரைகள் சேர்ந்ததனால் உண்டான வமிசம் இது. ஆண் வழியில் இன்றுள்ள எல்லாத் தரோபிரெட் குதிரைகளும் மூன்றே குதிரைகளின் சந்ததி. அவற்றுள் ஒன்று 1704-இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து கொண்டுபோன அராபியக் குதிரை. 1791 முதல் வமிசப் பதிவு எழுதப்பட்டு வருகின்றது. நம் நாட்டில் அப்பதிவைக் காக்கும் அதிகாரிகள் புனேயில் உள்ளனர். மாட்டில் கலப்பினம் நல்லதா, நாட்டினம் நல்லதா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கையில், ஒரே குணமாகிய வேகத்தை மட்டும் கருதி இருநூறாண்டுக்கு மேல் பொறுக்கிய இந்த வமிசம் நமக்கு ஒரு பாடமும் எச்சரிக்கையும் ஆகும். வேகம் வந்தது. அதனோடு மெல்லிய கால் எலும்பும், எதற்கும் வெருளும் சுபாவமும் உடன் வந்தன.

இக்குறையைத் தாங்கிக்கொண்டு குணத்தை வெளிப்படுத்துவதே டிரெயினர் எனப்படும் பழக்குநரின் வேலை. பந்தய நாளில் ஜனங்கள் அறிவது குதிரையின் பெயரையும் ஜாக்கியின் பெயரையும் மட்டுமே. ரஷீத் பைராம்ஜி என்னும் புகழ்பெற்ற பழக்குநரிடம் இருந்த ஸ்குவாண்டரர் என்ற குதிரை தன் வாழ்நாளில் 19 முறை ஓடி 18 முறை வென்றது. 1977-இல் இந்திய டர்ஃப் இன்விட்டேஷன் கோப்பையும் அதற்குக் கிடைத்தது. அந்தப் பத்தொன்பது ஓட்டங்களையும் கூட்டினாலும் ஒரு மணி நேரம் வராது. மற்ற காலமெல்லாம் லாயத்திலும் விடியற்காலை ஓட்டத்திலும் கழிந்ததே. சென்னைப் பந்தய உலகில் நெடுங்காலம் முன்னின்ற செட்டிநாட்டு எம். ஏ. எம். ராமசாமி (1931–2015) அவர்களின் லாயம் நூற்றுக்கணக்கான பெரும்பந்தயங்களில் வென்றதும், செல்வத்தால் மாத்திரம் நிகழ்ந்ததன்று. குட்டிகளை ஒப்புவித்த கைகள் நல்ல கைகளாயிருந்தன.

தோல் வணிகரின் இரண்டு குட்டிகள்

நம் தோல் ஊர்களில் ஒன்றைச் சேர்ந்த வணிகர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இருவருடன் கூடி, ஒரு வயது கடந்த குட்டிகள் இரண்டை வாங்கினார். ஒன்று செந்நிறப் பெண் குட்டி. மற்றொன்று கருஞ்சிவப்பு நிற ஆண் குட்டி. ஈரத் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தே தரங்கூறும் பழக்கமுடையவர் அவர். குதிரைகளையும் அவ்வாறே தடவிப் பார்த்து வாங்கினார் என்று உறவினர் பரிகாசம் செய்வதுண்டு. அவருடைய கிணற்றுப் பாசன நிலத்தைப் பார்த்து யோசனை கூறச் சென்ற பழக்கத்தினால், குட்டிகளைக் காணச் சென்றபோது எம்மையும் மூன்று முறை அழைத்துச் சென்றார். கீழே எழுதுவனவற்றுள் பல அங்குக் கண்டவை.

குதிரைப் பெட்டையின் கர்ப்பகாலம் ஏறக்குறைய பதினொரு மாதம். பந்தயக் குதிரைக்கு வயது கணக்கிடுவதில் ஒரு விசித்திரமுண்டு. எந்த மாதத்தில் பிறந்ததாயினும் நம் நாட்டில் ஜனவரி முதல் தேதியன்று எல்லாக் குட்டிகளுக்கும் ஒரு வயது கூடிவிடும். ஆகையால் ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதத்தில் பிறந்த குட்டியும் ஒரே வயதினவாக எண்ணப்பட்டு ஒன்றோடொன்று ஓடும். நான்கு மாத வித்தியாசம் ஐந்து வயதில் ஒன்றுமில்லை. இரண்டு வயதிலோ அது ஒரு வகுப்புப் பிள்ளையை மேல்வகுப்புப் பிள்ளையோடு மல்லுக்கு விடுவது போன்றது. வணிகரின் பெண் குட்டி ஏப்ரல் கடைசியில் பிறந்தது. இதனை வாங்கும்போது அவர் கவனிக்கவில்லை. பழக்குநர் முதல் நாளே கவனித்தார்.

தேசிங்கு ராஜன் கதையைக் கேளாதவர் நம் பக்கத்தில் இரார். அவன் மனைவியின் நினைவாகவே இராணிப்பேட்டை அப்பெயர் பெற்றது என்பது வழங்கிவரும் வரலாறு. எவரும் ஏற முடியாத டில்லி பாதுஷாவின் குதிரையை அவன் ஏறி அடக்கியது ஒரே சவாரியில் முடிந்துவிடுகின்றது. லாயத்தில் காண்பது அதற்கு நேர்மாறானது. குட்டி முதலில் கழுத்துக் கயிற்றுக்குப் பழகுகின்றது. பின்னர் நீண்ட கயிற்றின் நுனியில் பழக்குநரைச் சுற்றி வட்டமாக நடக்கின்றது. இடப்பக்கம் எத்தனை சுற்றோ வலப்பக்கமும் அத்தனையே. இல்லாவிடில் ஒரு பக்கத் தசைநார் மட்டும் வலுத்துவிடும். அடுத்து வாயில் கடிவாள இரும்பு வைக்கப்படுகின்றது. அதனைக் குட்டி மென்று விளையாடும்படி முதலில் சும்மா விட்டுவிடுவர். முதுகில் வெறும் வார் ஒன்றைக் கட்டுவர். சில நாள் சென்றபின் சேணம். எல்லாவற்றுக்கும் பின்னர்த்தான் எடை குறைந்த பையன் ஒருவன், ஏறி உட்காராமல், மூட்டையைப் போல் குறுக்கே படுத்துக்கொள்வான். குட்டி அவனை மோந்து பார்க்கும். இரண்டு நிமிஷம் கழித்து அவன் இறங்கிவிடுவான். அன்றைய பாடம் அவ்வளவே.

இவ்வளவு நிதானம் வேண்டுமா என்று வணிகர் கேட்டார். பழக்குநர் விடையாகக் கூறியது: “குதிரை மறப்பதில்லை, ஐயா. முதல் வாரத்தில் அது கண்ட பயத்தை நான்காம் வருஷம் பந்தயக் கதவு திறக்கும்போது நீங்கள் காண்பீர்கள்.”

எலும்பும் அவசரமும்

பழக்கத்தைவிடக் கடினமானது எலும்பு. முன்முழங்காலுக்குச் சற்று மேலுள்ள வளர்குருத்து, குட்டிக்கு இரண்டு வயது கழிந்த பின்னரே முற்றிலும் எலும்பாகின்றது. அதற்குக் கீழுள்ள கால் எலும்போ வேகமான ஓட்டத்தின் அதிர்ச்சியைப் பெறும்போது மெல்ல மெல்லத் தன் அமைப்பை மாற்றித் தடித்துக்கொள்கின்றது. இம்மாற்றம் நிகழும் வாரங்களில் அது முன்னிலும் பலங்குறைந்திருக்கும். அப்போது ஓட்டத்தை மிகைப்படுத்தினால் எலும்பின் முன்பக்கத்தில் வீக்கமும் சூடும் வலியும் காணும். தொட்டால் குட்டி காலை இழுத்துக்கொள்ளும். இரண்டு வயதுப் பந்தயக் குட்டிகளில் இது எங்கும் காணப்படும் உபாதை. அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நூனமேக்கர் என்னும் கால்நடை வைத்தியர் இதனைப் பல ஆண்டு ஆராய்ந்தார். மெதுவான நெடுந்தூர ஓட்டம் மட்டும் எலும்பை ஆயத்தப்படுத்துவதில்லை என்றும், வாரத்துக்கு ஓரிரு முறை மிகக் குறுகிய தூரம் வேகமாக ஓடச்செய்து அத்தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுவதே நன்று என்றும் அவர் கண்டார். வேகமே கெடுதி என்பதன்று, அளவறியாத வேகமே கெடுதி என்பது இதனால் விளங்கும்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஓட்டத் திடலில் நின்றால் பழக்குநரின் கையில் நிறுத்துகடிகாரத்தைக் காணலாம். 200 மீட்டரை 15 விநாடியில் ஓடுவது சுகமான ஓட்டம். குட்டிக்குப் பல வாரம் அதற்கும் மேல் அனுமதியில்லை. அவ்வாறிருந்தும் நம் வணிகரின் பெண் குட்டி ஒரு நாள் காலை திரும்பி வரும்போது இடது முன்காலைச் சற்றுக் குறுக்கி வைத்தது. எமக்கு அது தெரியவேயில்லை. குதிரைக்காரர் கண்டார். அவர் தரையில் குந்தி, புறங்கையை எலும்பின்மேல் வைத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் பழக்குநரை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வயதுப் பந்தயத்துக்கு ஏழு வாரமே இருந்தது. உறவினர் இருவரும் வலி தீர மருந்து பூசி ஓட்டலாமே என்றனர். பழக்குநர் அதனை ஏலாமல், குட்டியை வேலையிலிருந்து நீக்கி, காலைக்கு ஒருமுறை மாலைக்கு ஒருமுறை நடக்கவைப்பதோடு நிறுத்தினார். அந்த ஆண்டு அது ஓடாது என்றும், அதனை விரும்பாவிடில் வேறு லாயத்துக்குக் கொண்டு செல்லலாம் என்றும் கூறிவிட்டார். உறவினருள் ஒருவர் தம் பங்கை விற்றுவிட்டார்.

மாதந்தோறும் பணங்கட்டும் உரிமையாளரிடம் இவ்வாறு சொல்வது எளிதன்று. பழக்குநரின் ஜீவனம் அவரையே பற்றியிருக்கின்றது. குதிரையின் காலில் முன்னே தெரியாத வெடிப்பு இருந்து, வலியை மறைத்து ஓட்டினால், அது பந்தய நடுவில் முறிந்து குதிரையும் ஏறியவனும் ஒருங்கே விழுவர். எம் அபிப்பிராயத்தில் ஒரு லாயத்தின் தகுதியை அது வென்ற கோப்பைகளால் மட்டும் அளப்பது போதாது. இரண்டு வயதில் வந்த குட்டிகளுள் எத்தனை ஐந்து வயதில் நொண்டாமல் நடக்கின்றன என்றும் கேட்டல் வேண்டும்.

தீனி

இனி நம் குடியானவர்களுக்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம். குதிரை அசைபோடும் பிராணியன்று. அதன் இரைப்பை உடம்புக்குச் சிறியது, வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. நார்ப்பொருள் செரிப்பது பெருங்குடற் பக்கத்தில். மாடு பொறுக்கும் பல தவறுகளைக் குதிரை பொறுக்காததன் காரணம் இதுவே. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஈரம் நீங்கிய கணக்கில் ஒன்பது முதல் பதினொரு கிலோ தீனி வேண்டும். அதில் ஆறு கிலோவுக்குக் குறையாமல் புல்லோ உலர்தழையோ இருத்தல் நலம். தானியத்தை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து இடுவர். தண்ணீர் சாதாரண நாளில் முப்பது லிட்டருக்குக் குறையாது. கோடையில் வேலை செய்யும் குதிரைக்கு அதனிலும் மிகுதி.

லாயங்களில் இப்போது ஓட்ஸ் தானியமே முதன்மையானது. கொள்ளு பின்தள்ளப்பட்டது. ஆனால் அது முற்றிலும் நீங்கவில்லை, நீங்கவேண்டிய அவசியமுமில்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று மனிதருக்குச் சொல்லிய நம் முன்னோர், ஓடும் குதிரைக்கும் அதனையே இட்டனர். கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு அளவில் புரதம் உண்டு. மற்றப் பயறுகளைவிடச் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. பச்சையாக இட்டால் அதிலுள்ள ஒரு பொருள் புரதச் செரிமானத்தைத் தடுக்கும். ஆகையால் ஊறவைத்து வேகவைத்தே இடவேண்டும். வெந்த கொள்ளு வெயிற்காலத்தில் சில மணி நேரத்தில் புளிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

தவிட்டைப்பற்றி ஓர் எச்சரிக்கை. கோதுமைத் தவிடு மலிவும் மென்மையும் உடையதாதலால் குதிரைக்காரர் அதனை விரும்புவர். ஆனால் அதில் மணிச்சத்து சுண்ணாம்புச் சத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. வளரும் குட்டிக்குத் தவிடே மிகுதியானால், உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் சரிக்கட்டும். முகவெலும்பு வீங்கிக் கால்கள் தளரும். இதனை நேர்செய்வது குதிரைமசால். சுண்ணாம்புச் சத்து நிறைந்த அத்தழைக்கு நம் ஜனங்கள் குதிரையின் பெயரையே வைத்திருப்பது வீணன்று.

இவ்விடத்தில் வணிகரின் ஆண் குட்டிக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். அவர் தம் கிணற்று நிலத்தில் குதிரைமசால் பயிரிட்டிருந்தார். செழித்து வளர்ந்த முதல் அறுப்பைக் கண்டதும் அன்பு மேலிட்டு, மாலையில் அறுத்த பசுந்தழையைக் கட்டுகளாக நெருக்கி வண்டியில் ஏற்றி இரவோடிரவாக லாயத்துக்கு அனுப்பினார். விடியும்போது கட்டுகளின் உட்புறம் கைவைக்க முடியாதபடி சூடேறியிருந்தது. உரிமையாளர் அனுப்பியது ஆயிற்றே என்று புதிதாய் வந்த வேலையாள் ஒருவன் ஆண் குட்டிக்குத் தாராளமாக இட்டுவிட்டான். பிற்பகலில் குட்டி தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, தரையைப் பறித்தது, படுத்துப் புரண்டது. வயிற்றுச் சூலை. கால்நடை வைத்தியர் மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி வாயுவை வெளியேற்றினார். இரவெல்லாம் குதிரைக்காரர்கள் முறைவைத்து அதனை நடத்திக்கொண்டேயிருந்தனர். வணிகர் செய்தி கேட்டு வந்து லாய வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தவர் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. காலை நான்கு மணிக்குக் குட்டி சாணமிட்டது. அதனைக் கண்டு ஒரு கூட்டம் பெரிய மனிதர் மகிழ்ச்சியால் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டதை வேறெங்கும் யாம் கண்டதில்லை.

தழையில் குற்றமில்லை. அதனைப் பதப்படுத்தாததும், குதிரையின் தீனியை ஒரே நாளில் மாற்றியதுமே குற்றம். எந்தப் புதுத் தீனியையும் ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும்.

குதிரைமசாலை விற்பனைக்குப் பயிரிட விரும்புவோர் கவனிக்கத்தக்கவை சில. ஜூலை முதல் டிசம்பர் வரை விதைக்கலாம். கடுங்கோடையில் விதைத்தல் ஆகாது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 இரகத்துக்கு ஹெக்டேருக்கு 20 கிலோ விதை போதும். விதைத்த 75 அல்லது 80 நாளில் முதல் அறுப்பு. பின்னர் மாதத்துக்கு ஒன்று கிடைக்கும். பத்தில் ஒரு பங்கு செடி பூக்கும்போது அறுப்பதே ஏற்றது. அறுத்ததை மெல்லிய பரப்பாக உலர்த்தி, இலை முறியாதபடி காலைப் பனி ஈரம் இருக்கையிலேயே புரட்டவேண்டும். புரதத்தின் பெரும்பகுதி இலையிலேயே இருக்கின்றது. நண்பகலில் புரட்டினால் இலையெல்லாம் நிலத்துக்கும் வெறுங்குச்சி சந்தைக்கும் போகும். ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேலிருப்பின் அடுக்கலாகாது. பூசணம் பிடித்த தழையின் தூசியை மாடு சகித்துக்கொள்ளும். மூச்சை நம்பிப் பிழைக்கும் பந்தயக் குதிரைக்கு அது நஞ்சு.

பாலாற்றங்கரை நிலங்கள்

ஆனால் நம் பக்கத்தில் இதனை எல்லா நிலத்துக்கும் சொல்வதற்கில்லை. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிட்டே கொண்டுவரப்படுகின்றது. அதனைக் கழுவிய நீரும், குரோமியம் கலந்த பதநீரும் பல்லாண்டுகள் பாலாற்றிலும் ஏரிகளிலும் சேர்ந்ததனால், கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாயின. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுசெய்யவேண்டும் என்று தீர்ப்பளித்தது நாடறிந்தது. 2025 ஜனவரி 30-இலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஈடு வழங்கவும், நிலைமையைச் சீர்திருத்தவும் அதே நீதிமன்றம் ஆணையிடவேண்டியிருந்தது. இடையில் கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

குதிரைமசால் உப்பை அதிகம் தாங்காது. மண்ணின் உப்பளவு மீட்டருக்கு 2 டெசிசீமென்ஸ் கடந்ததுமே விளைச்சல் குறையத் தொடங்கும். அருகம்புல்லோ ஏறக்குறைய 7 வரை தாங்கும். பழைய குதிரைப்படையார் வரப்பிலிருந்து செதுக்கிய அதே அருகு, இன்று குதிரைமசால் கருகும் நிலத்திலும் படர்வது இதனாலேயே. ஆனால் உப்புக்குத் தப்பிய புல் குரோமியத்துக்கும் தப்பியது என்று கொள்ளுதல் கூடாது. ஆலைக் கழிவு பாய்ந்த நிலத்தில் தீவனம் பயிரிடுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்பியே தீரவேண்டும். வணிகரின் கிணறு ஆற்றுக்கு எட்டியிருந்ததால் தப்பியது. அவருடைய தாழ்ந்த வயல் தப்பவில்லை. தம் சொந்தத் தொழிலின் உப்பே தம் குதிரையின் தழைக்கு எமனாயிற்று என்று அவரே ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சிரிப்பாக இல்லை.

தோலைப்பற்றியும் ஒரு வார்த்தை. சேணத்துக்கும் வயிற்று வாருக்கும் பட்டைப் பதமிட்ட தோலே ஏற்றது. அது தடித்து நின்று, வியர்வையை ஏற்று, எண்ணெயிட எண்ணெயிட மென்மை பெறும். ஆவாரம்பட்டையால் பதமிட்ட சென்னைத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சீமையில் பெயர் பெற்றது. குரோமியப் பதத்தை 1903-ஆம் ஆண்டளவில் சென்னைக் கலைப் பள்ளியில் சாட்டர்ட்டன் என்பவர் சோதித்தபோது, அவர் கருத்தில் இருந்த பொருள்களுள் ஒன்று நம் கவலை ஏற்றத்துப் பறியாகும். நீரில் நெடுநாள் கிடந்தும் மட்காத தோல் கவலைக்கு வேண்டியிருந்தது. 1970-களில் பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் ஏற்றுமதியாவதைச் சர்க்கார் கட்டுப்படுத்தியபின், நம் ஊர்கள் பெரும்பாலும் குரோமியத்துக்கும் பாதரட்சைக்கும் மாறின. சேணத் தொழில் கான்பூரிலேயே தங்கிவிட்டது. லாயத்தில் வணிகர் முதலில் எடுத்துத் தடவிப் பார்த்தது குட்டியின் முதுகையன்று, சேணத்தின் உட்புறத் தையலை. புதிய வார் ஒன்று விறைப்பாய் இருப்பதைக் கண்டு, அது விலாவில் புண் உண்டாக்கும் என்றார். மறுவாரம் அவர் ஊரிலிருந்து எண்ணெயூட்டிய பட்டைத் தோல் வார் நான்கு வந்தன. பழக்குநர் அவரிடம் மரியாதை காட்டத் தொடங்கியது அன்று முதல் என்பது எம் எண்ணம்.

வெயிலும் வழிப்பயணமும்

கடற்கரைப் பக்கத்து ஈர வெப்பத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும் நோய் உண்டு. தோல் வறண்டு, மூச்சு இரைத்து, சிறு வேலைக்கும் தளர்ந்துவிடும். இதற்குக் குளிர்ந்த இடமே நல்ல மருந்து. கோடையில் ஏப்ரல் முதல் சென்னைக் குதிரைகள் உதகமண்டலம் ஏறிவந்த வழக்கத்துக்குப் பந்தயத்தோடு இதுவும் ஒரு பிரயோஜனமாயிருந்தது. வண்டியில் நெடுந்தூரம் கொண்டு செல்லும்போது குதிரையின் தலையை உயர்த்திக் கட்டுதல் ஆகாது. தலை தாழ்ந்தால்தான் மூச்சுக்குழலின் கசடு வெளியேறும். மணிக்கணக்காய் உயர்த்தி நின்றால் நுரையீரலில் சுரம் இறங்கும். ஆகவே நம் சாலையோரத்தில் குதிரை வண்டி நிற்கக் கண்டால், அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரு வாளி நல்ல தண்ணீரேயாகும். கொடுத்து உதவுக.

இத்தொழிலின் எதிர்காலம் தெளிவாயில்லை. 1974-இல் நம் மாநிலச் சட்டம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க முற்பட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அது திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று கூறிற்று. 2024 ஜூனில் உதகமண்டலத்துப் பந்தய நிலத்தையும், செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கரையும் அரசாங்கம் மீட்டுக்கொண்டது. குத்தகைப் பாக்கியும் பொதுப் பயனும் அரசாங்கத்தின் நியாயங்கள். பூங்காவும் நீர்நிலையும் நகரத்துக்கு வேண்டியவை என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் தந்தை பாட்டன் காலமுதல் குதிரையையே அறிந்த குதிரைக்காரருக்கும் லாடக்காரருக்கும் வேறு வழி காட்டவேண்டிய பொறுப்பை எவர் ஏற்பது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. காலின் சூட்டைப் புறங்கையால் அறியும் அந்த மனிதரைக் கால்நடை மருத்துவமனை எதுவும் விரும்பி ஏற்கும் என்று நம்புகின்றோம்.

பெண் குட்டி மூன்று வயதில் ஓடத் தொடங்கியது. முதல் நான்கு ஓட்டங்களில் ஒருமுறை மூன்றாவதாகவும் மற்றவற்றில் பின்னாகவும் வந்தது. ஐந்தாவதில் 1,200 மீட்டர் தூரத்தை வென்றது. கிடைத்த பரிசு அதன் ஓராண்டுத் தீனிக்கும் காணவில்லை. ஆண் குட்டி சூலையிலிருந்து தேறி, எட்டு முறை ஓடி, ஒருமுறையும் வெல்லாமல், சவாரி கற்பிக்கும் பள்ளி ஒன்றுக்குப் போயிற்று. அங்குச் சிறுவர் அதன்மீது பயமின்றி ஏறுகின்றனர். பங்கை விற்ற உறவினர், பெண் குட்டி வென்ற நாளில் சென்னைக்கு வந்திருந்தார் என்று கேள்வி. வணிகர் தம் தாழ்ந்த வயலில் மண் சோதித்தபின் அருகு பரப்பியிருக்கின்றார். மேட்டு நிலத்துக் குதிரைமசாலை விடியற்காலையில் புரட்டி, மூன்று நாள் உலர்த்தி, கட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தே வண்டி ஏற்றுகின்றார்.